ஒரு குடும்பத்துக்கு ஒரு கதவு

பக்கத்து வீட்டு மாமா எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவரில்லை. எங்கள் வீட்டில் மட்டும் என்றால் எங்கள்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று விட்டிருப்போம். ரப்பர் தோட்டத்தை விட்டு நாங்கள் குடிவந்த அந்தத் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டிலும் அவர் கை நனைத்ததில்லை. கூப்பிட்டால் வருவார். குனிந்து நிமிர்ந்து, வேர்வை சொட்டச் சொட்ட எதையாவது அறுத்துக் கொடுப்பார். மரத்தூளையும் தானே கூட்டி அள்ளி பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போவார். அவருக்கென்று வைத்த டீ, வைத்த இடத்திலேயே ஆடை கட்டிக் கிடக்கும்.

அறுப்பது என்றால் பேட்டரி ரம்பத்தால். தொண்ணூறுகளின் கடைசி அது. மலேசியாவில் எங்கள் கோலா சாவா பக்கம் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கைரம்பம் தெரியும், வட்டமாகச் சுற்றும் ரம்பம் தெரியும். இது நீட்டு மூக்கு வைத்தது. மூக்கின் நுனியில் மெல்லிய பிளேடு ஒன்று நேராக நீட்டிக்கொண்டிருக்கும். விசையை அமுக்கினால் அந்த பிளேடு முன்னும் பின்னும் ஓடும், தையல் மெஷின் ஊசியைப் படுக்கப் போட்டதுபோல. பின்பக்கம் செங்கல் கனத்தில் பேட்டரி. பலகை, தகரம், ஆணி அடித்த சட்டம் எதுவானாலும் ஆணியோடு சேர்த்து அறுத்துவிடும். தோட்டத்தை மூடிய பிறகு அவர் கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் கேட்டு வாங்கியதாம்.

அந்த பேட்டரிக்கு மூச்சு கொஞ்சம்தான். பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போதே முனகி நின்றுவிடும். வீட்டுக்குப் போய்ச் சார்ஜில் போட்டுவிட்டு வருவார். எங்கள் சாப்பாட்டு மேசை ஒரு சாயங்காலம் முழுக்க மூன்று கால் குட்டையும் ஒரு கால் நெட்டையுமாக நின்றிருக்கிறது. நான்தான் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"ஏன் மாமா, வயரு உள்ளது இன்னும் மலிவாக் கெடைக்குமே? இது பாதியில பாதியில நின்னுருதே."

"அது ஒங்க வீட்டுக் கரண்ட்டுல ஓடணுமேம்மா" என்றார்.

தண்ணீர்தான் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வெங்காயத்துக்கே போய்விட்டார். மாமாவும் மாமியார் முகத்தைப் பார்க்க மாட்டார். பேச வேண்டியது எதுவானாலும் என்னிடமோ சுவரிடமோதான் பேசுவார்.

அவர் எங்களுக்காக முதலில் அறுத்தது என் கல்யாணக் கட்டிலை. லுக்குட் ஊரில் எங்கள் அப்பா சொல்லிச் செய்வித்தது. தலைமாட்டுப் பலகையில் இரண்டு அன்னம் எதிரும் புதிருமாகச் செதுக்கியிருக்கும். தோட்டத்து வீட்டில் அது ராணி மாதிரி கிடந்தது. புது வீட்டிலோ இரண்டே அறை. ஒன்றில் என் வீட்டுக்காரரின் அண்ணன் மூத்தாரும், அவர் மனைவி அக்காவும், பிள்ளைகளும். இன்னொன்றில் மாமியாரும், அவரோடு மொத்தக் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமானும். எங்களுக்கு ஹால். டிவிக்கும் சாமி மேடைக்கும் நடுவில் அந்தக் கட்டில் எப்படித் திருப்பினாலும் நுழையவில்லை.

அவர் வந்து அளந்தார். "தலமாட்டுப் பலகைய எடுத்துட்டாப் போவும்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. "கொஞ்சமாத்தான் எடுப்பேன்" என்று சின்னப் பிள்ளைக்கு முடிவெட்டுகிறவர்போலச் சமாதானம் சொன்னார். ரம்பத்தின் மூக்கைச் சட்டத்தில் அழுத்தி வைத்தார். அப்படி அழுத்தாவிட்டால் பிளேடு துள்ளும், மரம் பிய்ந்துபோகும். பிறகு விசையைத் தொட்டார். அந்தச் சத்தம் என் பல்லுக்குள் இறங்கியது. அறுத்த பலகையை அவர் தூக்கிப் போடவில்லை. கட்டிலுக்கும் ஹாலுக்கும் நடுவில் நிறுத்தி, மேலே திரைச்சீலை மாட்டக் கம்பியும் வைத்துக் கொடுத்தார். இரண்டு அன்னமும் அன்றிலிருந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தன. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நாங்கள் அந்தத் திரைக்குப் பின்னால் மூச்சுவிடக் கூச்சப்பட்டுக்கொண்டு படுத்திருப்போம். மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்தால் முதலில் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் காலைத் தரையில் வைப்பார்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் இப்படி உழைக்க அந்த மாமா அப்படி என்ன செய்துவிட்டார் என்று கேட்டால், ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார். அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் வீடு என்று எண்ண மாட்டோம், கதவு என்றுதான் எண்ணுவோம். மலாய்க்காரர்கள் 'பிந்து' என்று கதவைச் சொல்லி வீட்டை எண்ணுவார்கள். அது அப்படியே எங்கள் வாயிலும் வந்துவிட்டது. நீளமாக ஒரு லயம், அதில் வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு அடுப்பு. பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் காலியாகக் கிடக்கும் பக்கத்துக் கதவைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். பெண் கொடுக்கிறவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் "மாப்பிள்ளைக்குத் தனிக் கதவு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்டார். இருந்தது. மாமியார் வீட்டை ஒட்டியே எனக்கென்று ஒரு கதவு.

தோட்டம் விலைபோனதும், எங்களுக்கு ஈடாக வீடு கொடுப்பது பற்றிப் பேச வீடு கட்டும் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பாலர் வகுப்புக் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். அதிகாரி பேசியது மலாயில். எங்களுக்குப் பாசாரில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும். அதற்கு மேல் மாமாதான். தோட்டத்து ரப்பர் பால் லோரியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்தவர், அந்த மொழியைச் சுத்தமாகப் பேசுவார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒரு வரி சொல்வார், இவர் எங்களுக்கு ஒரு வரி சொல்வார். நடுவில் அதிகாரி இவர் தோளைத் தட்டி, "உங்கள் மலாய் எங்கள் ஆபீஸ் ஆட்களைவிட நன்றாக இருக்கிறது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மாமா முகம் பெருமையில் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

அதற்கு அடுத்த வரிதான் 'சத்து கெலுவார்கா, சத்து பிந்து.' இவர் எழுந்து நின்று, "ஒரு குடும்பத்துக்கு ஒரு கதவு" என்று சொன்னார்.

கொட்டகையே கைதட்டியது. மாமியார் மட்டும் எழுந்தார்.

"தம்பி, எஞ் சின்னவனும் ஒரு குடும்பந்தானே? அவனுக்குத் தனிக் கதவுதானே? அந்த ஆள்கிட்டக் கேட்டுச் சொல்லு."

"இதெல்லாம் கேக்கணுமாக்கா? குடும்பம்னா குடும்பந்தான்லா. கையெழுத்தப் போடுங்க."

மாமியார் போட்டார். எல்லோரும் போட்டார்கள். அதிகாரியின் கெலுவார்கா வேறு, எங்கள் குடும்பம் வேறு என்பது சாவி கொடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளைகள் வெளியே ஃபேக்டரியில் வேலை செய்தார்கள். தோட்டத்துக் கதவுகள் எல்லாம் அப்பன் பேரிலோ ஆத்தா பேரிலோதான் இருந்தன. எத்தனை கதவில் குடியிருந்தாலும் பேர் ஒன்று என்றால் குடும்பம் ஒன்று. மாமியார் கையில் ஒரே ஒரு சாவி.

ரம்பம் மாமா கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதற்குப் பிறகு அவர் வாயில் கதவு என்ற சொல்லும் வரவில்லை. முன்வழி, பின்வழி, அந்தப் பலகை என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பார். அக்கா பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு. கதவைத் தொட்டுக்கொண்டு, "தாத்தா, இதுக்குப் பேரு என்னா?" என்று கேட்கும். "வழிதான்டா" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் சிரிக்கிறாற்போல இருக்கும், கண்ணைப் பார்த்தால் இருக்காது.

நாலு வீடு தள்ளி ஒரு அண்ணன் தம்பி. தோட்டத்தில் இரண்டு கதவில் இருந்தவரை ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தவர்கள், ஒரே வீட்டில் அடைத்ததும் ஒரு குழம்புச் சட்டிக்காக முகம் பார்க்காமல் போனார்கள். செத்துப்போன அம்மாவின் அலமாரி ஒன்று இருந்தது. அதை நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுக்கச் சொல்லி இவரைக் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கடா. அறுத்துட்டா ஒட்ட வைக்க முடியாது."

"மொதல்ல யோசிச்சிருக்கணும்ண்ணே" என்றான் தம்பிக்காரன் மாமாவிடம். அலமாரியைத்தான் சொன்னானோ என்னவோ.

அவர் அறுத்தார். நடுப்பலகையில் மேலிருந்து கீழே நேராக இறக்கி, திறந்துகொண்ட பக்கங்களுக்குத் தன் வீட்டிலிருந்து பலகை கொண்டுவந்து அடித்தார். முகம் பார்க்கும் கண்ணாடி அண்ணன் பாதியோடு போய்விட்டது. தம்பி பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மறுநாளே ஒரு கண்ணாடி வந்து அவள் பாதியில் ஏறிவிட்டது. அது யார் வீட்டுக் கண்ணாடி என்பதை நான் காலையில் வாசலைக் கூட்டும்போது தெரிந்துகொண்டேன். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, லோரியின் பக்கத்துக் கண்ணாடியில் எட்டிப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதடி. இந்த மனுசன் ஊரெல்லாம் அறுத்துக் குடுத்துட்டு வாராரு. ஒருநாளைக்கு என்னையும் பாதியா அறுத்து யாருக்காவது குடுத்துருவாரு" என்றார் அத்தை.

அவர்கள் எங்களுக்குப் பக்கத்து வீடு. இரண்டு கொல்லைக்கும் நடுவில் அவரே அடித்த பலகை வேலி. பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அந்த வீட்டுக்குள் முதலில் போனேன். அவர்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகி நீலாய்க்குப் போய்விட்டாள். ஆள் இரண்டு பேர், அறையும் இரண்டு. இரண்டு அறையும் சாத்தியிருந்தன. ஹாலில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

"ரூம்புல படுக்க மாட்டாராம். தூக்கம் வரலயாம் தொரைக்கு. நானும் அவரோட ஹால்ல சுருண்டு கெடக்கேன், கொசுக்கடியில" என்று அத்தை முணுமுணுத்தார். நான் திரும்பி வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபோது எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. சும்மா கிடக்கிற அறையில் படுக்காமல் இருப்பதால் எங்களுக்கு என்ன ஆகப் போகிறது? ஆனால் நானே போய் அந்த அறையைக் கேட்டுவிடுவேனோ என்று ஒரு பயமும் இருந்தது. கேட்டால் அவரால் இல்லையென்று சொல்ல முடியாது. அது எனக்கும் தெரியும், தாமானில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னலில் தட்டு அடிக்க, கட்டிலை மடக்குக் கட்டிலாக்க, நாய்க்குக் கூண்டு செய்ய என்று ஞாயிற்றுக்கிழமையானால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அது தெரிந்துதான் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டு வேலை வாங்கிக்கொண்டு, கடைசியில் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். "நீங்க என்னாண்ணே செய்வீங்க? ஆபீஸ்காரன் செஞ்ச வேலலா அது. ஒங்க தப்பு ஒண்ணுமில்ல." நானும் சொல்லியிருக்கிறேன், டீயை அவர் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டே. பெரிய மனது எனக்கு என்று நினைப்பு. அவர் தலையை ஆட்டுவார், பையைக் கட்டுவார், போய்விடுவார். மாமியார் அந்த டீயை எடுத்து வாழை மரத்தடியில் ஊற்றுவார். அடுத்த தடவை அவர் வந்தால் மறுபடியும் அதே மாதிரி சீனி தூக்கலாகப் போட்டு வைப்பார்.

எனக்கு வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது எங்கள் அப்பா பார்க்க வந்தார். ஹாலில் உட்கார்ந்தார். அன்னங்கள் இரண்டும் அவரைப் பார்த்தன. அவர் திரையை விலக்கிக் கட்டிலைப் பார்த்தார், சாமி மேடையைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்த அக்கா பிள்ளைகளின் பள்ளிப் பைகளைப் பார்த்தார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னார்.

"பிரசவத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன் மாப்பிள்ள. ஒரு கதவு பாத்து வச்சிட்டு வந்து அழச்சிக்குங்க. அதுவரைக்கும் புள்ள எங்கூடயே இருக்கட்டும்."

கதவு பார்ப்பது என்றால் வாடகைக்குப் பார்ப்பது. ஃபேக்டரிச் சம்பளத்தில் அது நடக்காது என்று அப்பாவுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் நான் எப்போது திரும்பி வருவது?

அப்பா சொன்னது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் யாரும் கூப்பிடாமலே மாமா ரம்பத்தோடு வந்துவிட்டார். டேப்பை இழுத்து ஹாலை அளந்தார். சமையல்கட்டை அளந்தார். சாமி மேடைக்கும் கூரைக்கும் நடுவில்கூட அளந்தார். ஏதாவது ஒன்றில் ஓர் ஓரத்தை எடுத்துவிட்டால் ஒரு தொட்டில் இடம் வந்துவிடாதா என்று பார்த்தார். அறுப்பதற்கு எங்கள் வீட்டில் மிச்சம் ஒன்றுமில்லை. கடைசியில், மாமியார் வழக்கம்போல வைத்த டீக்குப் பக்கத்தில் சமையல்கட்டு வாசலில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுப் பின்ரூம்பு சும்மாத்தான் கெடக்கு" என்று சுவரிடம் சொன்னார். "கொல்ல வேலியில ஒரு வழி விட்டுட்டா, நம்ம புள்ள அங்கிட்டும் இங்கிட்டும் வந்து போவலாம். அடுப்பு இங்கயே இருக்கட்டும்."

"வேணாம்" என்றார் மாமியார்.

"அக்கா..."

"வேணாங்கறேன்ல."

அவர் கையில் டேப் தானாகச் சுருண்டு உள்ளே போயிற்று. எனக்குத் தாங்கவில்லை. வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

"மாமா, நீங்க ஏன் மாமா இப்படி வருத்திக்கிறீங்க? இது ஒங்க தப்பா?"

மாமியார் கையிலிருந்த கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அவன் தப்புதான்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அந்தத் தாமானில் அந்த வார்த்தையை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மெல்லத் திரும்பி, முதல் தடவையாக மாமியாரின் முகத்தைப் பார்த்தார்.

"நான் எந்திரிச்சி நின்னு கேட்டேன். கேட்டுச் சொல்லுன்னேன். நீ கேக்கல. ஏன் கேக்கல?"

அவர் ரம்பத்தின் மூக்கைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அந்தாளு அப்பத்தான் என்னயத் தட்டிக் குடுத்தாரு. ஒடனே எதுத்துக் கேட்டா மூஞ்சி மாறுமேன்னு நெனச்சேன்க்கா."

"ம்."

"கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பான்னு எல்லாருஞ் சொல்றாங்க."

"சொல்லட்டும். அவன் இல்லன்னு சொல்லியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்."

"போட்டிருக்க மாட்டீங்க" என்றார் அவர்.

"ஒருத்தரும் போட்டிருக்க மாட்டாங்க."

"ஆமாக்கா."

நான் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமியார் கையைக் காட்டி அடக்கினார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் உழைத்துக் கொட்டிய மனிதரை இப்படிக் குத்த வேண்டுமா என்று நினைத்தேன். மாமா அழுதுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. சுமை இறக்கியவர்போல, குந்தியிருந்தவர் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இத மனசுல வச்சிக்கிட்டு ஒங்கிட்ட ரூம்பு வாங்க எனக்கு முடியாது" என்றார் மாமியார். "இப்பச் சொல்லிட்டேன். இனிமே குடு, வாங்கிக்கிறேன். டீ ஆறுது, குடி."

அவர் கிளாஸைப் பார்த்தார். எடுத்தார். மேலே படிந்திருந்த ஆடையோடு ஒரே மூச்சில் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சீனி அதிகம் என்று முகம் சுளித்ததுபோல இருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கிளாஸைக் கழுவி வைக்கப் போனார். மாமியார் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"நேத்தே ரூம்பக் கூட்டி வச்சிட்டேன்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "பேசிக்கிட்டே இருந்தா எப்ப அறுக்கறது?"

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வேலிப் பலகையில் பென்சிலால் கோடு போட்டார். ரம்பத்தின் மூக்கைக் கோட்டின்மேல் அழுத்தி வைத்தார். விசையில் விரலை வைத்தவர், அமுக்காமல் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அக்கா," என்றார், "கதவு எந்தப் பக்கமாத் தொறக்கணும்?"